செயற்கை நுண்ணறிவும் நமது சங்கங்களும்

செயற்கை நுண்ணறிவு என்னும் சொல் சில ஆண்டுகளாகப் பத்திரிகைகளைக் கடந்து நமது சங்கங்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களிலும் புகுந்துவிட்டது. சேலைக்குப் புதிய மாதிரிகளை நொடிப்பொழுதில் வரைந்து தரும் என்கிறார் ஒருவர். விளைபொருளுக்கு வரப்போகும் விலையை முன்கூட்டியே கூறும் என்கிறார் மற்றொருவர். இனிக் கணக்கரே வேண்டியதில்லை என்று சொல்லி விற்க வருவோரும் உளர். இத்தருணத்தில் அங்கத்தினர்கள் கேட்க வேண்டிய கேள்வி, இந்தக் கருவி எத்துணை வல்லது என்பதைக் காட்டிலும், அதன் பயன் யாருடைய கணக்கில் வரவாகும் என்பதே.

நெசவாளருக்கு இது முற்றிலும் அந்நியமான பொருளன்று. பிரெஞ்சு நாட்டின் லியோன் நகரத்தவரான ஜோசப் மரீ ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் உருவாக்கிய பெட்டியைத்தான் இன்றும் நம் தறிகளின் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம். அட்டையில் துளையுள்ள இடத்தில் ஊசி நுழையும். அதனோடு இணைந்த கொக்கி உயர்ந்து பாவிழையைத் தூக்கும். துளையில்லாத இடத்தில் இழை கீழேயே நிற்கும். முன்னாளில் தறியருகே நின்று கயிறு இழுத்த துணையாளின் வேலையை இந்த அட்டைகள் ஏற்றுக்கொண்டன. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கு இவ்வட்டைகளையே பயன்படுத்தக் கருதினார். 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் துளையட்டைகளைக் கொண்டு எண்ணி முடித்தவர் ஹாலரித். அவருடைய கம்பெனி வேறு சிலவற்றோடு இணைந்து, 1924-இல் ஐ.பி.எம். என்று பெயர் பூண்டது. ஆகவே கணிப்பொறியின் முன்னோர்களுள் தறியும் ஒன்று என்று கூறுவது மிகையாகாது.

பழைய அட்டைக்கும் இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. ஜக்கார்டு அட்டையின் ஒவ்வொரு துளையையும் கிராப் தாளைப் பார்த்து ஒரு மனிதர் குத்த வேண்டும். இனி, ஆயிரக்கணக்கான துணிகளைப் பார்த்த அனுபவத்தைக் கொண்டு தன் அட்டையைத் தானே குத்திக்கொள்ளும் ஒரு ஜக்கார்டை மனத்தில் எண்ணிப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவு ஏறக்குறைய அத்தகையது. அதற்கு விதிகளை ஒவ்வொன்றாக எழுதிக் கொடுப்பதில்லை. எடுத்துக்காட்டுகளைக் குவித்துக் கொடுக்கிறார்கள். அவற்றிலுள்ள ஒழுங்கை அது கண்டுபிடித்துக்கொள்கிறது. எனவே இத்தொழிலில் எடுத்துக்காட்டுகளே முதலாகின்றன. நெசவாளரின் மாதிரிகள், விவசாயியின் விளைச்சல் குறிப்புகள், சங்கத்தின் பற்றுவரவு ஆகிய யாவும் அந்த முதலில் சேரும்.

நிற்க. ஜக்கார்டு தறி வந்தபின் லியோன் நெசவாளர் செழித்தனரா? தறி அவர்களுடையதாகவே இருந்தது. பட்டறைத் தலைவர்கள் தத்தம் வீட்டிலேயே தறி நிறுத்தி நெய்தனர். உயரமான அத்தறிக்கு இடங்கொடுக்கவென்று கூரையை உயர்த்திக் கட்டிய வீடுகளை அந்நகரின் க்ருவா ரூஸ் பகுதியில் இன்றும் காணலாம். ஆனால் பட்டு நூலைக் கொடுப்பவரும், மாதிரியைத் தீர்மானிப்பவரும், நெய்த துணியை விற்பவரும், இன்ன துணிக்கு இன்ன கூலி என்று வகுப்பவரும் வணிகர்களே. 1831 அக்டோபரில் அரசாங்க அதிகாரியின் முன்னிலையில் இரு தரப்புப் பிரதிநிதிகளும் கூடி ஒரு கூலி விகிதத்தை ஒப்புக்கொண்டனர். வணிகர் சிலர் அதனை ஏற்க மறுத்தனர். நவம்பரில் நெசவாளர் கிளர்ந்தெழுந்து சில நாட்கள் நகரையே தம் வசம் வைத்திருந்தனர். பின்னர் படைகள் வந்தன. கூலி விகிதம் ரத்தாயிற்று. 1834-இல் மீண்டும் கிளர்ச்சி எழுந்தது. அதுவும் படைபலத்தால் அடக்கப்பட்டது. உலகின் மிகச் சிறந்த தறி கையில் இருந்தும், விலையும் மாதிரியும் பிறர் கையில் இருந்தமையால் நேர்ந்த கதி இது. 1835-இல் அதே நகரில் மிஷேல் டெரியோன் என்பவர் ஒரு கூட்டுறவுப் பண்டசாலையைத் திறந்தார் என்பதும், 1844-இல் ராச்டேல் முன்னோடிகளாகக் கூடியவர்களுள் நெசவாளர் பலர் இருந்தனர் என்பதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு மாறான வரலாறும் நம் நாட்டிலேயே உண்டு. 1946-இல் பதிவான கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கத்துக்கு ஒரு தொல்லை இருந்தது. குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகக் கறக்கும். அத்தனை பாலையும் பம்பாய் நகரம் வாங்காது. எஞ்சிய பாலை மாவாக்கி வைக்கலாமெனில், எருமைப் பாலிலிருந்து பால்மாவு செய்ய இயலாது என்பது அக்காலத்து மேனாட்டு நிபுணர்களின் கருத்தாயிருந்தது. சங்கத்தின் தொழில்நுட்ப நிபுணரான எச். எம். தலாயா இயலும் என்று செய்து காட்டினார். 1955 அக்டோபரில் ஆனந்தில் புதிய ஆலை திறக்கப்பட்டது. சங்கத் தலைவர் திரிபுவன்தாஸ் படேல் பொறியியல் கற்றவரல்லர். அங்கத்தினரின் தொல்லை இன்னதென்று அவர் அறிவார்; அதைத் தீர்க்கக் கூடியவர் யாரென்றும் அறிந்து, லயோலாவிலும் கிண்டியிலும் பயின்ற வர்கீஸ் குரியனை மேலாளராக அமர்த்திக்கொண்டார். முதலில் தொல்லையைக் கண்டு, பின்பு அதற்கேற்ற பொறியைத் தேடினார்கள். இன்று நம்மவருள் சிலர் பொறியை வாங்கிக்கொண்டு அதற்கேற்ற தொல்லையைத் தேடுகின்றனர்!

பருத்தி விளைவிப்போருக்கு ஏற்ற நல்ல எடுத்துக்காட்டு ஒன்றைக் கூறுகிறேன். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவின் அந்துப்பூச்சிகள் இனக்கவர்ச்சிப் பொறியில் ஓரிரவுக்கு 8 வீதம் தொடர்ந்து மூன்று இரவுகள் விழுந்தால் மருந்தடிக்க வேண்டும் என்பது நிபுணர்கள் வகுத்த எல்லை. பூச்சிகளைப் பிரித்தறிந்து எண்ணுவதுதான் கடினம். 2018-இல் மும்பையில் தொடங்கப்பட்ட வாத்வானி செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தார், பொறியில் விழுந்த பூச்சிகளைக் கைபேசியில் படமெடுத்தால் எண்ணிச் சொல்லும் செயலி ஒன்றைச் செய்தனர். வீண் மருந்துச் செலவு குறைவதற்கு இது வழி. ஒரு கிராமத்தின் எண்ணிக்கை அடுத்த கிராமத்துச் சங்கத்துக்கும் உடனே தெரியுமானால் பயன் பன்மடங்காகும். அதே எண்ணிக்கை மருந்து விற்பவருக்கு மட்டும் முன்னதாகத் தெரியுமானால் என்னவாகும் என்பதை விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

நெசவுக்கு வருவோம். கணிப்பொறி வரையும் மாதிரி கண்ணுக்கு அழகாயிருக்கும். ஆயினும் 240 கொக்கி ஜக்கார்டில் அது நெய்ய வருமா, ஊடை தளர்ந்து மிதக்குமா, கரையும் உடலும் பொருந்துமா என்பதெல்லாம் படம் வரையும் கருவிக்குத் தெரியாது. தறியறிந்தவர் திருத்தியே ஆக வேண்டும். எனினும், மாதிரி வரைவோர்க்கும் அட்டை குத்துவோர்க்கும் வேலை குறையும் என்பதை மறைத்துப் பயனில்லை. கயிறிழுத்த துணையாட்களை அன்று எவரும் பொருட்படுத்தவில்லை. சங்கமோ அவ்வாறு இருக்க இயலாது. கருவி வரைவதைத் திருத்தும் பணியில் முதலில் பயிற்சி பெற வேண்டியவர்கள் இவர்களே. அயலூரிலிருந்து புதியவர் ஒருவரை அமர்த்துவதைவிட இதற்குச் செலவும் குறைவு.

மாதிரிகள் மலிந்துவிட்டால் மாதிரியை மட்டும் நம்பி விலை கேட்க முடியாது. விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று விற்பது முன்பே உள்ள தொல்லை. 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கும் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும் அது தீரவில்லை. இப்பொழுது நெய்யாத சேலைக்கும் நெய்ததுபோலப் படம் காட்டி விற்க முடிகிறது. இந்நிலையில் சங்கத்தின் முத்திரை ஒன்றே வாங்குவோருக்கு உறுதி. ஆகவே நமது வியாபாரம் மலிவில் போட்டியிடுவதாக இருத்தலாகாது. இது இன்ன சங்கத்தில் கையால் நெய்யப்பட்டது என்னும் சான்றை விற்பதாக அமைய வேண்டும்.

அட்டைக் கட்டு சங்கத்தின் அறையில் பூட்டிக் கிடக்கும். கணிப்பொறியில் ஏறிய மாதிரியோ கண்ணிமைக்கும் நேரத்தில் கடல் கடக்கும். 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி ஒரு புதிய மாதிரியைப் பதிவுசெய்து 10 ஆண்டும், மேலும் 5 ஆண்டும் பாதுகாப்புப் பெறலாம். ஆனால் பதிவுக்கு விண்ணப்பிக்குமுன் அதனை வெளியிட்டுவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஆர்வத்தினால் தறியிலிருக்கும் சேலையைப் படமெடுத்து எங்கும் அனுப்பும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022-இல் ரூ. 2,516 கோடித் திட்டத்தை ஏற்றது. சங்கக் கணக்குகள் கணிப்பொறிக்குள் செல்வது இனி நிற்காது. அதற்கு மேலாகத் தனியார் ஒருவர் கருவியோடு வரும்பொழுது, ஒப்பந்தத்தைப் பொதுச்சபையில் தமிழில் படித்துக்காட்டும்படி கேட்க அங்கத்தினர்கள் தயங்கலாகாது. நாம் கொடுக்கும் மாதிரிகளையும் கணக்குகளையும் கொண்டு அவர் வேறொருவருக்கான கருவியைப் பழக்கலாமா? ஒப்பந்தம் முடிந்தபின் நம் பதிவுகள் முழுவதும் வேறு கணிப்பொறியில் படிக்கத்தக்க வடிவில் திரும்பி வருமா? கருவி தவறான விலை சொல்லி நஷ்டம் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? ஆண்டுக் கட்டணத்தை உயர்த்த அவருக்கு எவ்வளவு உரிமை? இவற்றுக்கு எழுத்தில் விடை பெற்ற பின்னரே தலைவரும் காரியதரிசியும் கையொப்பமிடுதல் வேண்டும்.

அதற்கு முன்பாகச் செலவின்றிச் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. ஒவ்வொரு சங்கமும் தன்னிடமுள்ள அட்டைக் கட்டுகளையும் கிராப் தாள்களையும் வெளியே எடுத்து, மாதிரியின் பெயர், வரைந்தவர், முதலில் நெய்த ஆண்டு, கொக்கி எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கலாம். முதிய நெசவாளர்கள் நம்மோடு இருக்கும்பொழுதே இதை முடித்தல் நலம். பல கட்டுகளுக்கு அவர்களைத் தவிர வேறெவரும் பெயர் சொல்ல இயலாது.