கோலத்துக்கும் போலீஸ் அனுமதியா?

2019 டிசம்பர் 29, மார்கழி மாத ஞாயிறு. சென்னை பெசன்ட் நகர்த் தெருக்களில் சிலர் கோலம் போட்டார்கள். வெள்ளைக் கோலமாவு, வண்ணப்பொடி, நடுவில் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் தேசியக் குடிமக்கள் பதிவேடும் 'வேண்டாம்' என்ற எழுத்துகள். கோஷம் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. பெண்கள் உட்படச் சிலரைப் போலீசார் பிடித்துச் சென்று, பிறகு விடுவித்தனர்.

அந்தச் சட்டம் நிறைவேறி மூன்று வாரம்கூட ஆகவில்லை. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர்களுக்குக் குடியுரிமை பெற அது வழிசெய்தது. முஸ்லிம்கள் பட்டியலில் இல்லை. பல பத்தாண்டுகளாக இங்கே முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ் அகதிகளும் இல்லை. தமிழ்நாட்டில் கோபம் கூடியதற்கு இது முக்கியக் காரணம்.

கோலத்தில் போலீசுக்கு என்ன வேலை? சென்னை நகரக் காவல் சட்டம் 1888-இன் 41-ஆவது பிரிவு, பொது இடத்தில் கூடுவதையும் ஊர்வலம் போவதையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை ஆணையருக்குத் தருகிறது. பிரிட்டிஷ் ஆட்சி எழுதிய பிரிவு. முன் அனுமதி இல்லாமல் நாலு பேர் சேர்ந்து கோலம் போட்டாலும் அதைப் போராட்டக் கூட்டமாகக் காட்டிவிட முடிகிறது. அடுத்தவர் வீட்டு வாசலில் அவரைக் கேட்காமல் எழுதினார்கள் என்ற ஆட்சேபமும் வந்தது. அது நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் ஒரு வாளித் தண்ணீரில் தீரக்கூடிய விஷயம் அது. போலீஸ் வண்டி தேவையில்லை.

மறுநாளே கோலம் பரவியது. தி.மு.க.வின் மு.க. ஸ்டாலின், கனிமொழி வீட்டு வாசல்களிலும் அதே வாசகங்கள் எழுந்தன. தெருவில் எழுதிப் போராடுவது தமிழகத்துக்குப் புதிதல்ல. 1953-இல் டால்மியாபுரம் ரயில் நிலையத்தின் பெயரை மாற்றக் கோரி, அதன் பெயர்ப்பலகை மீது 'கல்லக்குடி' என்று எழுதிய தாளை ஒட்டிவிட்டுத்தான் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தார். ஆனால் சுவரும் போஸ்டரும் பெரும்பாலும் கட்சி ஆண்களின் களம். விடியற்காலையில் தெரு வாசல் பெண்களின் கையில் இருக்கிறது. அரசியல் பேச அவர்கள் அதையே எடுத்துக்கொண்டதுதான் பெசன்ட் நகரின் புதுமை.

அன்று கோலத்தின் பக்கம் நின்ற தி.மு.க. 2021-இல் ஆட்சிக்கு வந்தது. ஆனாலும் 41-ஆவது பிரிவு போகவில்லை. குடியுரிமைச் சட்டத்தின் விதிகளும் 2024 மார்ச்சில் வெளிவந்துவிட்டன. யார் ஆட்சியில் இருந்தாலும், அமைதியாகக் கோலம் போடுவதற்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று தமிழக அரசு எழுத்துப்பூர்வமாக அறிவிக்க வேண்டும்.