பாட்டில் சட்டையாகும், சட்டை பாட்டிலாகுமா?

காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் 20 கிராமை ஒட்டித்தான் எடை நிற்கும். ஒரு கிலோ சேர ஐம்பது பாட்டில் பொறுக்க வேண்டும். அவற்றை அப்படியே மூட்டை கட்டி லாரியில் ஏற்றினால் காற்றுக்குத்தான் வாடகை. பிளாஸ்டிக் மறுசுழற்சி முடிந்தவரை அந்தந்த வட்டாரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும் என்பதற்கு முதல் காரணம் இந்தக் காற்றுதான். பழைய பேப்பர் கடையிலிருந்து மொத்த வியாபாரியிடம் போனதும் பாட்டிலை நசுக்கிக் கம்பி கட்டி ‘பேல்’ போடுகிறார்கள். அதன்பிறகுதான் வெளியூருக்கு அனுப்பக் கட்டுப்படியாகும்.

ஆலையில் நிறம் பிரித்து, லேபிளை நீக்கி, செதில் செதிலாக அரைக்கிறார்கள். அடுத்தது தண்ணீர்த் தொட்டி. எனக்கு இந்த மொத்த வேலையிலும் பிடித்த கட்டம் இதுதான். பாட்டில் செய்யும் ‘பெட்’ பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கனம், மூழ்கிவிடும். மூடியின் பிளாஸ்டிக் லேசு, மிதக்கும். தண்ணீரே ஆள் வைக்காமல் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. வில்லங்கம் பி.வி.சி. அதுவும் மூழ்கும். பெட் உருக 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பி.வி.சி. கருகி, கூட இருக்கும் நல்ல சரக்கையும் கெடுத்துவிடும். ஈரமும் ஆகாது. காயாத செதிலை உருக்கினால் பிளாஸ்டிக் வலுவிழந்துவிடும்.

உருகியது பெரும்பாலும் பாலியெஸ்டர் இழையாகிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் மோடி நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல நிற மேலங்கியின் துணி இப்படிப் பாட்டிலிலிருந்து வந்தது. கொடுத்தது கரூர் நிறுவனம் ஒன்று. பெருமைதான். ஆனால் சாயம் ஏறி, பருத்தியோடு கலந்துவிட்ட துணி மறுபடி பாட்டிலாவது அபூர்வம். இதை வட்டம் என்பதைவிட, கொஞ்சம் நீட்டிய கோடு என்பதே சரி. பாட்டில் பாட்டிலாகவே திரும்ப வேண்டுமானால் சரக்கு உணவுத் தரத்துக்குச் சுத்தமாக வேண்டும், செலவும் கூடும். கெட்டியான பிளாஸ்டிக் பொதிகளில் 2025-26 முதல் 30 சதவீதம் மறுசுழற்சிச் சரக்கு இருக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டது இதற்காகத்தான். வாங்க ஆள் இருந்தால்தானே சுத்தம் செய்ய ஒருவர் முதல் போடுவார்?

ஷாம்பு பாக்கெட்டுக்கு இந்த வழியெல்லாம் கிடையாது. பல அடுக்கு ஒட்டிய தாள் அது. பிரிக்கவும் முடியாது, எடையும் இல்லை, பொறுக்குபவர் குனியவும் மாட்டார். சேர்கிற கொஞ்சமும் சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருளாகிறது. பால் கவர், கேரி பேக் போன்ற மெல்லிய உறைகளுக்காவது மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் ஒரு வழி காட்டினார். நறுக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லிமேல் தூவினால் உருகிப் படியும். அதோடு தாரைக் கலந்து சாலை போடலாம். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சாலைக்குள் போனதும் திரும்பி வராது என்பது வேறு விஷயம்.

வீட்டில் என்ன செய்யலாம்? மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பாட்டிலை மிதித்துத் தட்டையாக்கி மூடியைத் திருகிவிடுங்கள், மறுபடி உப்பாது. மூடியைத் தனியாகச் சேர்த்து வைக்க வேண்டாம். அந்த வேலையைத் தொட்டி பார்த்துக்கொள்ளும்.