இலையை அளந்தனர், அறிவுக்கு யார் உரிமையாளர்?

புது தில்லி: பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தை 2023 இல் திருத்திய நாடாளுமன்றம், நூல்களில் பதிவான பாரம்பரிய அறிவுக்கும் சாகுபடி செய்யப்பட்ட மூலிகைகளுக்கும் சில விலக்குகளை அளித்தது. அவற்றின் பொருளை உணர, திருவனந்தபுரம் மாவட்டம் வித்துரா பகுதியில் வாழும் காணி இன மக்களின் அனுபவம் போதும்.

1987 டிசம்பரில் தாவரவியலாளர் புஷ்பாங்கதன் தலைமையிலான குழு அகத்தியமலைக் காடுகளில் ஆய்வு மேற்கொண்டது. நகரத்தார் களைத்துச் சோர்ந்தனர். வழிகாட்டிகளான காணிகளோ ஒரு சிறு பழத்தை மென்றபடி சளைக்காமல் நடந்தனர். அது எந்தச் செடியின் பழம் என்பதைச் சொல்ல அவர்கள் முதலில் தயங்கினர். நீண்ட வற்புறுத்தலுக்குப் பிறகே செடியைக் காட்டினர். அதுவே 'ஆரோக்கியப் பச்சை'.

பின்னர் அது ஆய்வகத்துக்குச் சென்றது. சாறு கொடுத்த சுண்டெலிகள் எவ்வளவு நேரம் சளைக்காமல் நீந்துகின்றன என்று சோதித்தனர். வேதிப்பொருள்களைப் பிரித்து ஆராய்ந்தனர். காணிகள் உண்டது பழத்தை. மருந்துக்கு ஏற்றதென ஆய்வு தேர்ந்தெடுத்ததோ இலையை. அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றுடன் அந்த இலையைச் சேர்த்து, பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது.

1995 நவம்பரில் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்கு ஏழு ஆண்டு உரிமம் வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் ரூ. 10 லட்சம், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இவற்றில் பாதி காணிகளுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002 இல்தான் வந்தது என்பதால், சட்டம் கட்டாயப்படுத்தாத நிலையிலேயே எடுத்த முடிவு இது. உலக அரங்கில் முன்மாதிரி எனப் பாராட்டப்பட்டதில் வியப்பில்லை.

ஆனால் வித்துராவில் இருந்து கேட்ட குரல் வேறு. நிறுவனம் பெரும்பாலும் குற்றிச்சல் ஊராட்சிக் காணிகளுடன்தான் தொடர்பு வைத்திருந்தது. தங்களைக் கலந்துகொள்ளவில்லை என்பது வித்துரா, பெரிங்ஙமலை ஊராட்சிகளைச் சேர்ந்தவர்களின் மனக்குறை. 'பிலாத்தி' எனப்படும் காணி மருத்துவர்கள் ஒன்பது பேர், தங்கள் அறிவைத் தனியாருக்கு விற்பதை எதிர்த்து 1995 இல் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினர். வழிகாட்டிகள் சிலர் சொன்ன தகவலை முழுச் சமூகத்தின் சம்மதமாகக் கொள்ள முடியுமா என்ற அவர்களின் கேள்வி நியாயமானதே.

பணமும் எளிதில் வந்துவிடவில்லை. காணிகளின் நல அறக்கட்டளை 1997 இல்தான் பதிவானது. 1999 இல் ரூ. 5 லட்சத்துக்குச் சற்று அதிகமான தொகை அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. இதற்கிடையே, செடி அழிந்துவிடும் எனக் கூறி இலை பறிக்க வனத்துறை தடை சொன்னது. இலையைப் பறிப்பதால் செடி சாகாது, மீண்டும் தளிர்க்கும் என்ற வாதம் எடுபடவில்லை. வெளியாட்கள் செடியையே வேரோடு கடத்தியதும் வனத்துறையின் அச்சத்துக்கு வலுச் சேர்த்தது. வேறிடத்தில் பயிரிடலாம் என்றால், இயற்கையாக வளரும் சூழலுக்கு வெளியே அதன் மருந்துத் திறன் நிலைப்பதில்லை என்று ஆய்வு கூறியது. மலையையும் மக்களையும் விட்டு இலையை மட்டும் பிரித்தெடுக்க இயலவில்லை.

வித்துரா அருகே கல்லாறில் வசிக்கும் காணி மருத்துவர் லட்சுமிக்குட்டி அம்மாவுக்கு 2018 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சுமார் 500 மருந்து முறைகளை அவர் நினைவிலேயே வைத்திருப்பதாகக் கூறப்படுகிறது. நூலில் ஏறாத இத்தகைய அறிவுக்குப் புதிய விலக்கு பொருந்தாது. ஆனால் அதே மூலிகை நாளை ஒரு தோட்டத்தில் பயிராகி, சாகுபடிப் பொருளாகச் சந்தைக்கு வந்தால் காணிகள் எதன் பேரில் பங்கு கேட்பது? 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பாரம்பரிய அறிவின் மீது சமூகத்துக்கு உள்ள உரிமையை ஏற்றுள்ளது. இரு சட்டங்களையும் இணைத்துப் படிக்கும் பொறுப்பு தில்லியில் வெவ்வேறு அமைச்சகங்களிடம் பிரிந்து கிடக்கிறது.