துகளின் இயக்கமும் ‘நினைவு’ என்னும் சொல்லும்

உயிருள்ளவற்றின் பண்பை உயிரில்லாதவற்றின்மேல் ஏற்றிக் கூறும் கலைச்சொற்கள் அறிவியலிற் சில உள. சிறு துகள்களின் இயக்கத்தை ஆராய்வோர் ஆளும் ‘நினைவு’ என்பது அவற்றுள் ஒன்று. அச்சொல் குறிக்கும் பொருள் யாது, அது தமிழிற் பொருந்துமா என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாது அசைதலை 1827இல் இராபர்ட் பிரௌன் கண்டார். நீர் மூலக்கூறுகளின் மோதலே அதற்குக் காரணம் என 1905இல் ஐன்ஸ்டைன் கணித்து விளக்கினார். 1908இல் இலாஞ்செவான் அமைத்த சமன்பாட்டில், நீர் தரும் தடை துகளின் அக்கணத்து விரைவை மட்டுமே பொறுத்தது. எனவே இப்போதைய நிலை தெரியின் போதும். பழைய வரலாறு வேண்டுவதில்லை.

இஃது எங்கும் பொருந்துமோ எனின், பொருந்தாது. துகள் நகருங்கால் சூழ்ந்த நீரையும் உடன் இழுக்கின்றது. அவ்வாறு எழும் சுழல் மெல்லப் பரவியே தேயும். தேயுமுன், துகளை அது முன்பு சென்ற திசையிலேயே உந்தும். ஒரு மைக்ரான் குறுக்களவும் நீரின் அடர்த்தியும் உடைய துகளைக் கொள்வோம். இலாஞ்செவான் முறைப்படி அதன் விரைவு தணியும் காலம், நொடியில் ஏறத்தாழ 2 கோடியில் ஒரு பங்கு. சுழல் துகளின் அளவிற்குப் பரவும் காலமோ 40 இலட்சத்தில் ஒரு பங்கு. பின்னது நெடிதாகலின் அதனைப் புறக்கணித்தல் தகாது. காற்றின் அடர்த்தி மிகக் குறைவாதலின் ஆண்டு இவ்விளைவு சிறிது.

முப்பரிமாண வெளியில், காலம் நான்கு மடங்காயின் இத்தொடர்பு எட்டில் ஒன்றாகவே குறையும் என்பதை ஆல்டரும் வெயின்ரைட்டும் 1970இல் கணிப்பொறி கொண்டு நிறுவினர். ஒளிக்கற்றையாற் பிடித்த துகளில் இதன் விளைவு 2011இல் அளக்கப்பெற்றது.

இந்நினைவு துகளில் உள்ளதன்று, நீரில் உள்ளது. நீரோட்டத்தையும் முழுதும் கணக்கிற் சேர்ப்பின், நினைவு என ஒன்று தனியே நில்லாது. 1961இல் சுவான்சிகும் 1965இல் மோரியும் இதனைப் பொதுமுறையாக்கினர்: கணக்கில் விடுத்தவையே சமன்பாட்டில் நினைவாக மீள்கின்றன.

ஆகலின் ‘நினைவு’ என்னும் சொல், துகளுக்கு மனம் உண்டு என்னும் மயக்கத்தைத் தரக்கூடும். நம் இலக்கணத்தில் ‘எச்சம்’ என்னும் சொல் உண்டு. ‘வந்து நின்றான்’ என்புழி, ‘வந்து’ என்பது தன்னளவில் முற்றாது, பின்வரும் வினையைப் பற்றி நிற்கின்றது. முடிந்த இயக்கமும் அவ்வாறே முற்றாது நின்று, பின்னைய இயக்கத்தைத் தொடர்கின்றது. எஞ்சி நிற்பது என்னும் பொருளும் அச்சொற்கு உண்மையின், ‘இயக்க எச்சம்’ என்பதே தக்க வழக்கு என்பது எம் கருத்து.