வாளுக்கும் ஒரு பாஸ்போர்ட்

ஜப்பானில் பழைய வாள் வைத்திருக்க ஆளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. வாளுக்குத்தான் பதிவு வேண்டும். 'தோரோகுஷோ' என்ற அந்தப் பதிவுச் சான்றை மாகாணக் கல்வி வாரியம் தருகிறது. அதில் உரிமையாளர் பெயர் இருக்காது. நீளம், வளைவு, ஆணித்துளைகளின் எண்ணிக்கை, கொல்லன் வெட்டிய பெயர் ஆகியவைதான் இருக்கும். வாள் கைமாறினால் சான்றும் கூடவே போகும். வாங்கியவர் 20 நாளுக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

வாங்குபவர் வெளிநாட்டில் இருப்பவர் என்றால், பண்பாட்டு விவகாரத் துறையிடம் ஏற்றுமதிச் சான்று பெற்று, பதிவுச் சான்றைத் திருப்பிக் கொடுத்த பிறகே வாள் புறப்பட முடியும். தேசியப் பொக்கிஷமாகவோ முக்கியப் பண்பாட்டுச் சொத்தாகவோ அறிவிக்கப்பட்ட வாளை விற்பனைக்காக வெளியே அனுப்பவே முடியாது.

இந்தக் கெடுபிடி நியாயமானது என்றே நினைக்கிறேன். போரில் தோற்ற ஜப்பானில் வாள்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். 1945 டிசம்பரில் தோகுகாவா என்ற பிரபுக் குடும்பம் டோக்கியோவின் மெஜிரோ போலீஸ் நிலையத்தில் கொடுத்த வாள்களில் 'ஹோன்ஜோ மசாமுனே'யும் ஒன்று. ஜப்பானின் மிகச் சிறந்த வாள்களுள் ஒன்றாகப் போற்றப்பட்ட அது அடுத்த மாதமே கைமாறியது, இன்றுவரை அகப்படவில்லை.

வாளை அனுப்புகிறவர்கள் முதலில் கவனிப்பது அதன் அடிப்பகுதியை. மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்துக் கைப்பிடியைக் கழற்றினால், 'நாகாகோ' என்ற அந்தப் பகுதி கறுத்த துருவோடு தெரியும். அந்தத் துருவையும் பார்த்துத்தான் வாளின் வயதைக் கணிக்கிறார்கள். பளிச்சென்று இருக்கட்டும் என்று யாராவது தேய்த்துவிட்டால், பல நூற்றாண்டுச் சாட்சியம் ஒரே மதியத்தில் போய்விடும். அலகுக்கு மட்டும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. பிறகு அலங்காரமில்லாத வெறும் மர உறையில் அது பயணம் செய்கிறது. அலங்காரக் கைப்பிடியும் உறையும் குலையாமலிருக்க அவற்றுக்குள் ஒரு மர அலகைச் செருகுவார்கள்.

இறங்கும் நாட்டில் வேறு விதிகள். பிரிட்டன் 2008-இல் அலகு 50 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள வளைந்த வாள்களின் இறக்குமதியைத் தடை செய்தது. நூறாண்டு கடந்த பழம்பொருளுக்கும், மரபு முறையில் கையால் அடித்த வாளுக்கும் விலக்கு உண்டு. சுங்கப் படிவத்திலும் நூறாண்டு தாண்டியது பழம்பொருள், தாண்டாதது ஆயுதம். ஆகவே காலத்தை நிறுவும் ஆவணத்தைப் பெட்டியோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். கைப்பிடியில் துளி யானைத் தந்தம் இருந்தாலும் வனவிலங்கு வணிகச் சட்டங்கள் குறுக்கிடும். வாங்குமுன்பே அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.