ஸ்படிகத் தகடும் தந்தி விசையும்

1951ஆம் ஆண்டில் அமெரிக்க அரசினர், கம்பியில்லாத் தந்தியைப் பொழுதுபோக்காகப் பயிலப் புகுவோர்க்கென "நாவிஸ்" என்னும் உரிமத்தை ஏற்படுத்தினர். நிமிஷத்திற்கு 5 சொற்கள் வீதம் மோர்ஸ் குறிகளை விடுக்கவும் ஏற்கவும் வல்லார் அதனைப் பெறலாயினர். அவர்தம் யந்திரம் கொள்ளும் மின்சக்தி 75 வாட்டுக்கு மேற்படலாகாது. அலையை ஸ்படிகத் தகடே நிர்ணயித்தல் வேண்டும்.

இந்த ஸ்படிக விதியே அக்கருவிகளின் இன்பத்திற்கும் இடர்ப்பாட்டிற்கும் மூலமென்பது நம் கருத்து. குவார்ட்ஸ் தகடு தன் கனத்திற்கேற்ற வேகத்தில் அதிரும் இயல்பினது. தகட்டை மாற்றினாலன்றி அலை மாறாது. மாணவன் கையில் இருப்பவையோ பெரும்பாலும் இரண்டொரு தகடுகளே. அவனுக்கு மறுமொழி தரும் மற்றொரு மாணவனும் தன் தகட்டின் அலையிலேயே தருவான்! ஆகவே அழைத்து முடித்தவுடன், ஏற்கும் கருவியின் திருகை மெல்ல மெல்லத் திருப்பி, நெருங்கிக் கிடக்கும் பற்பல ஓசைகளினூடே தன் அழைப்புக்குறியைத் தேடிக் காணல் வேண்டும். தேர்வுக்குப் படித்த குறிகள் செவியில் ஊன்றியது இத்தேடலினாலேயாம்.

குறிகளைத் தட்டும் விசையின் கதை வேறு. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சேனையினர் பயிற்சிக்கு வழங்கிய ஜே-38 விசைகள் போருக்குப்பின் மலிவாய் விற்கப்பட, அவை மாணவர் பலரின் மேஜையேறின.

ஸ்படிக விதி 1972இல் நீங்கிற்று. 2007இல் மோர்ஸ் தேர்வே ஒழிந்தது. ஆயினும் அந்நாளைய மாணவர் சிலர், தலை நரைத்த பின்பும், பழைய தகடுகளைத் தேடி வாங்கி, ஒரே அலையில் அழைத்துவிட்டுத் திருகைத் திருப்பிக்கொண்டிருக்கின்றனர்.