குளியலறைச் சுவருக்கு ஒரு குழிவாடி

முகத்தைப் பெருக்கிக் காட்டும் கண்ணாடி ஒரு குழிவாடி. அதன் நடுப்பகுதி சற்றே உள்வாங்கியிருப்பதால், குவியத் தூரத்துக்குள் நிற்பவரின் விம்பம் நிமிர்ந்தும் பெரிதாகவும் தெரிகிறது. சவரத்துக்கும் புருவம் திருத்தவும் மட்டுமல்ல, வெள்ளெழுத்து வந்தவர்களுக்கும் இது பெரிய உதவி. சாதாரணக் கண்ணாடியை 20 செ.மீ. நெருங்கினால் விம்பம் கண்ணிலிருந்து 40 செ.மீ. தள்ளி அமையும். 30 செ.மீ. குவியத் தூரமுள்ள குழிவாடியில் அதே இடத்தில் நின்றால், விம்பம் மும்மடங்காகி 80 செ.மீ. தள்ளிப் போகும். அந்தத் தூரத்தில் பலருக்கு மூக்குக்கண்ணாடி இல்லாமலே முகம் தெளியும்.

10 மடங்கு என்ற விளம்பரத்துக்கு மயங்க வேண்டியதில்லை. பெருக்கம் கூடக் கூடக் குவியத் தூரம் குறையும். மூக்கு இடிக்குமளவு நெருங்கினால்தான் எதுவும் தெரியும், தெரிவதும் கன்னத்தில் ஒரு துண்டுதான். அன்றாடப் பாவனைக்கு 3 முதல் 5 மடங்கு போதும். கடையிலேயே மெல்லப் பின்னால் நகர்ந்து பார்க்கலாம்: விம்பம் கலங்கத் தொடங்கும் இடமே அக்கண்ணாடியின் எல்லை.

பெருக்கத்தைவிட வெளிச்சமே முக்கியம். கூரை மின்குமிழ் மூக்கின் கீழும் தாடையின் கீழும் நிழல் விழுத்தும். விளிம்பைச் சுற்றி வளையமாக எரியும் எல்.ஈ.டி. அதைப் போக்கும். பெட்டியில் 4,000 கெல்வின் அளவில் நிறவெப்பநிலையும், சி.ஆர்.ஐ. 90க்கு மேலும் இருந்தால் தோலின் நிறம் உள்ளபடி தெரியும்.

கொட்டகலையில் இவற்றோடு ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே, 1,200 மீட்டருக்கு மேல் அமைந்த இந்த ஊரில் தென்மேல் பருவமழைக் காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஹீட்டரில் வந்தாலும் விறகடுப்பில் காய்ச்சினாலும் சுடுநீரின் ஆவி குளிர்ந்த கண்ணாடியில் பட்டதும் நுண்துளிகளாகப் படியும். வெளிச்சுவர் அதிகம் குளிர்வதால் உட்சுவரில் பொருத்துவதே நல்லது. பின்னால் சூடேற்றும் தகடுள்ள கண்ணாடிகள் உண்டு, விலை கூடியவை. அது கட்டுப்படியாகாவிட்டால், துளி சவர்க்காரத்தைப் பூசி உலர்ந்த துணியால் துடைக்கலாம். நீர் துளியாகாமல் மெல்லிய படலமாகப் பரவும்.

ஈரம் விளிம்பு வழியே புகுந்தால் பின்புற வெள்ளிப் பூச்சு கறுத்துப் புள்ளி விழும். ஆகவே விளிம்பு நன்றாக அடைக்கப்பட்டிருக்க வேண்டும். நீட்டி மடக்கும் கையில் காந்தத்தை வைத்துப் பார்ப்பதும் பயன் தரும்: ஒட்டினால், பூச்சுக்குள் இருப்பது பெரும்பாலும் இரும்பு, துருப்பிடிக்கும். குரோம் பூசிய பித்தளைக்கு அந்தப் பயமில்லை. உயரம் வேறுபட்டவர்கள் வாழும் வீட்டில் தலைப்பகுதி மேலும் கீழும் சாய்வதும் அவசியம்.

மின் இணைப்பு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நீர் தெறிக்கும் இடத்துக்கு ஐ.பி. 44 தரம் குறைந்தபட்சத் தேவை. சுவர் வயரில் இணைப்பதாயின் 230 வோல்ட்டுக்குரியதா என்று பார்த்து, ட்ரிப் சுவிட்ச் உள்ள வீட்டில் தகுதியுள்ள மின்வினைஞரே இணைக்க வேண்டும். பழைய லயன் வீடுகளைப்போல் குளியலறைக்கு முறையான வயர் இல்லாத இடங்களில், சார்ஜ் செய்யும் வகையே பாதுகாப்பானது. மழைக்கால மின்வெட்டிலும் எரியும்.

கடைசியாக, யன்னல் வெயில் நேரே படும் இடத்தில் குழிவாடியை மாட்டக்கூடாது. அது வெயிலை ஒரே புள்ளியில் குவித்துத் திரைச்சீலையைப் பற்றவைக்கக்கூடும். லண்டன் தீயணைப்புப் படை இதுபற்றி எச்சரித்திருக்கிறது. வேறு இடமே இல்லையென்றால், பாவித்து முடிந்ததும் முகப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட வேண்டும்.